பெயர் எழுதப்படாத கைகள்

நம் தமிழில் கை என்னும் சொல் வெறும் ஓர் உறுப்பின் பெயராக நின்றுவிடவில்லை. ஒருவருக்குத் துணை நிற்பதைக் கைகொடுத்தல் என்கிறோம். துணை நீங்குவதைக் கைவிடுதல் என்கிறோம். எண்ணியது ஈடேறினால் கைகூடிற்று என்கிறோம். பெற்ற உதவிக்குத் திரும்பச் செய்வது கைம்மாறு. நன்கு பழகிய தொழில் கைவந்த கலை. உழைத்து உண்பவனுடைய மானத்தையும் மதிப்பையும் நம் முன்னோர் அவன் கையிலேயே கண்டனர் என்பதற்கு இச்சொற்களே சான்று. அப்படியானால், கை செயலிழந்த ஒருவன் எதை இழக்கிறான்? இழந்ததை அவனுக்கு மீட்டுத் தருபவர் யார்? இக்கேள்விகளுக்கு விடை தேடும்போது மருத்துவ வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பணி நம் கண்ணில் படுகிறது. ஆக்குபேஷனல் தெரபி என்று ஆங்கிலத்திலும், தொழில்வழிச் சிகிச்சை என்றும் செயல்முறை மருத்துவம் என்றும் தமிழிலும் வழங்கப்பெறும் துறையில், உதவியாளராக நிற்பவரின் பணியே அது.

பட்டறையும் கையும்

சென்னைக்கு மேற்கே இரயில் பாதையை ஒட்டி விரிந்து கிடப்பவை அம்பத்தூரும் ஆவடியும். சற்றுத் தெற்கே சாலை வழியாகச் சென்றால் பூவிருந்தவல்லி. அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கையை நம்பிப் பிழைப்பவர்களின் ஊர்கள் இவை. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியது. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பெரிய ஆலைகளுக்கு உதிரி உறுப்புகள் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் சந்துக்குச் சந்து முளைத்தன. அங்கெல்லாம் தகட்டை வெட்டவும் வளைக்கவும் துளையிடவும் பிரஸ் எனப்படும் அழுத்து இயந்திரங்கள் ஓயாமல் இயங்கின. தகட்டை உள்ளே வைத்த கை வெளியே வருமுன் மேலிருந்து அச்சு இறங்கிவிட்டால், கண் இமைக்கும் நேரத்தில் விரல்கள் போய்விடும்.

அப்பகுதிப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றிய நாள்களில் இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவனுக்கு அப்படித்தான் நேர்ந்தது. வலக்கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. கட்டைவிரல் தப்பியது. மோதிர விரலும் சுண்டுவிரலும் எஞ்சின. ஆனால் நசுங்கிய காயத்தால் விறைத்துப் போயின. அறுவை சிகிச்சை முடிந்து அவன் வீடு திரும்பியபோது நாம் சென்று செபித்துவிட்டு வந்தோம். உயிர் பிழைத்தானே என்று நிம்மதி கொண்டோம். நம் கடமையும் மருத்துவரின் கடமையும் அத்துடன் முடிந்தன என்றே நினைத்தோம்.

ஒரு மாதம் கழித்து மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்றோம். வலக்கையைத் துண்டால் மூடியபடி அவன் அமர்ந்திருந்தான். தாய் அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். வாரத்தில் மூன்று நாள் பயிற்சிக்கு வரவேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்களாம். இவன் ஒருநாளும் போகவில்லை.

"போயி என்ன ஃபாதர், விரல் முளைக்கவா போவுது?" என்றான்.

மறுநாள் காலை அவனையும் தாயையும் அழைத்துக்கொண்டு நாமே இரயில் ஏறினோம்.

இரண்டு அளவுகள்

நகரத்து அரசு மருத்துவமனை ஒன்றின் நீண்ட கூடம் அது. மேசையின்மேல் களிமண் உருண்டைகள், துளையிட்ட பலகையில் செருகும் சிறு மரமுளைகள், துணி உலர்த்தும் கிளிப்புகள், போல்ட்டும் நட்டும் பொருத்திய சட்டம், ஒரு பழைய பூட்டும் சாவியும். மருத்துவக் கூடமா பள்ளிக்கூடமா என ஐயுறும்படி இருந்தது. துறையின் மருத்துவ வல்லுநர் இளைஞனின் கையைச் சோதித்து, என்னென்ன பயிற்சி, எத்தனை நாள் என்று எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் சென்றார். அதன்பின் அவன் கையைத் தம் கையில் வாங்கிக்கொண்டவர் ஓர் உதவியாளர். முப்பது வயது மதிக்கத்தக்க பெண். அவர் முதலில் காயத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"என்ன வேலை தம்பி பாத்துக்கிட்டிருந்தீங்க?" என்றுதான் கேட்டார். பிறகு காயம் முழுமையாக ஆறிவிட்டதைப் பார்த்து, இளஞ்சூடான மெழுகில் கையை முக்கி எடுத்தார். விறைப்புச் சற்றுத் தளர்ந்ததும் மெல்ல மடக்கச் சொன்னார். சிறிய அளவுகோல் ஒன்றை எடுத்து, விரல்நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொண்டார்.

"இன்னிக்கு நாலு சென்டிமீட்டர். இது ரெண்டு ஆயிடுச்சுன்னா டம்ளர் பிடிச்சிடலாம்" என்றார். பின்னர் தாயின் பக்கம் திரும்பினார். "அம்மா, இனிமே நீங்க ஊட்டாதீங்க. நீங்க ஊட்டினா இந்தக் கை சாப்பிடறதையே மறந்துடும். சிந்தினாலும் பரவாயில்ல, அவரே சாப்பிடட்டும்."

தாய் கண் கலங்கினார். நமக்கும் அது கடுமையான சொல்லாகவே அப்போது பட்டது.

திரும்பி வருகையில் இரண்டு அளவுகள் நம் மனத்தில் மாறி மாறி வந்தன. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. கட்டைவிரல் போனால் உழைக்கும் ஆற்றலில் 30 விழுக்காடு இழப்பு, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ போனால் 7, ஒரு கையின் இரண்டு விரல்களுக்கு 20, நான்கு விரல்களுக்கு 50 என்று அது கணக்கிட்டது. இக்கணக்கு தேவையானதே. அது இல்லாவிடில் ஏழைத் தொழிலாளிக்கு ஒரு காசும் கிடைத்திராது. ஆயினும் அது போனதை மட்டுமே அளந்தது. அந்தப் பெண்ணின் கையிலிருந்த அளவுகோலோ எஞ்சியதையும் மீளக்கூடியதையும் அளந்தது. ஒரே கைதான், ஆனால் அதைப் பார்க்கும் பார்வை வேறு. அந்த இரண்டாம் பார்வை எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

வேலையே மருந்தான வரலாறு

இத்துறையின் வேர் மனநோய் இல்லங்களில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பாவில் மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைப்பதே வழக்கம். பிரான்சில் பிலிப் பினேல் என்னும் மருத்துவர் இக்கொடுமைக்கு எதிராக நின்றார். இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் என்பவர் 1796இல் ஓர் இல்லம் திறந்தார். அவர் மருத்துவர் அல்லர், தேயிலை வணிகர். அவருடைய இல்லத்தில் நோயாளிகள் தோட்டம் பேணினர்; தைத்தனர்; தங்களால் இயன்ற வேலையைச் செய்தனர். மனம் கலங்கியவனும் மனிதனே, அவனுக்கும் செய்வதற்கு ஒன்று வேண்டும் என்பதே அவ்வில்லத்தின் மருத்துவம். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1794இல், நம் சென்னையிலும் மனநோயாளிகளுக்கென ஓர் இல்லம் தொடங்கப்பெற்றது. பின்னாளில் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்து இன்றுவரை இயங்கும் மனநல மருத்துவமனையின் தொடக்கம் அதுவே.

ஆக்குபேஷனல் தெரபி என்னும் பெயரைப் பரப்பியவர் ஒரு நோயாளி என்பது நம் சிந்தனைக்குரியது. அமெரிக்கரான ஜார்ஜ் பார்ட்டன் கட்டடக் கலைஞர். காசநோயால் நலிந்து, காலில் அறுவை செய்யப்பெற்று, உடலின் ஒருபக்கம் செயலிழந்து கிடந்தவர். தோட்ட வேலையும் மரவேலையும் செய்தே தம் உடலை அவர் மீட்டெடுத்தார். நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் அவர் நடத்திய இல்லத்தில், 1917ஆம் ஆண்டு மார்ச் மாதம், இத்துறைக்கான முதல் சங்கம் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே முதல் உலகப்போரில் காயமுற்ற வீரர்களிடையே பணிபுரிய அமெரிக்கப் படையினர் பெண்களைத் திரட்டினர். மறுவாழ்வு உதவியாளர் என்னும் பொருள்படும் பெயரை அவர்களுக்கு இட்டனர். படையில் அவர்களுக்குப் பதவித் தரம் எதுவும் இல்லை. ஆயினும் கையிழந்த வீரனுக்கு எஞ்சிய கையால் எழுதவும், நெய்யவும், கூடை முடையவும் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்களே. உதவியாளர் என்ற பெயரிலேயே இப்பணி போர்முனைக்குச் சென்றது என்பதை நாம் மறக்கலாகாது.

இந்தியாவுக்கு இத்துறையைக் கொணர்ந்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இந்நாட்டையே தம் நாடாகக் கொண்ட அம்மையார் அவர். 1950இல் பம்பாயின் கே.இ.எம். மருத்துவமனையில் இந்தியாவின் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952இல் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதைத் தோற்றுவித்த பத்து நாடுகளுள் இந்தியாவும் ஒன்றாக இருந்தது. விடுதலை பெற்று ஐந்தாண்டே ஆன நாட்டுக்கு இது சிறிய பெருமையன்று.

செங்கற்பட்டில் ஒரு கைகுலுக்கல்

தமிழகத்தில் இவ்வரலாறு தொழுநோயாளிகளின் கைகளில் எழுதப்பட்டது. அம்பத்தூரும் ஆவடியும் பூவிருந்தவல்லியும் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிரியும்வரை அப்படியே இருந்தன. தொழுநோய் மிகுந்திருந்த மாவட்டங்களுள் அதுவும் ஒன்று. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. அங்கு 1947இல் ஓர் இளம் அறுவை மருத்துவர் வந்தார். கொல்லிமலையில் மறைப்பணியாளரின் மகனாக 1914இல் பிறந்த பால் பிராண்டு அவர். மருத்துவம் கற்குமுன் கொத்து வேலையும் தச்சு வேலையும் முறையாகப் பயின்றவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அப்போதுதான் பணியேற்றிருந்தார்.

மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்கையில், பறவையின் நகம்போல் விரல்கள் மடங்கிய நோயாளி ஒருவரிடம் தம் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். வலுவற்ற பிடியை எதிர்பார்த்தவருக்குக் கை வலித்தது. அத்தனை உறுதியான பிடி! அப்படியானால் அந்தக் கை செத்துவிடவில்லை. சில நரம்புகள் கெட்டதால் சில தசைகள் மட்டுமே செயலிழந்துள்ளன. முன்கையின் நல்ல தசைகள் உயிரோடுதான் இருக்கின்றன. நல்ல தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த இடத்தில் பொருத்தினால் விரல்கள் நிமிரக்கூடும். 1948இல் அந்த அறுவை சிகிச்சைகள் வேலூரில் தொடங்கின.

நம் கட்டுரையின் உயிர்நிலை இங்குதான் உள்ளது. ஒரு விரலை மடக்கிவந்த தசைநாணைப் பிரித்து, நான்கு இழைகளாக்கி, நான்கு விரல்களிலும் பொருத்துகிறார் மருத்துவர். மூன்று வாரமளவில் மாவுக்கட்டு அவிழ்க்கப்படுகிறது. கை நிமிர்ந்துவிட்டதா? இல்லை. நாண் இடம் மாறியது மூளைக்குத் தெரியாது. பழைய வேலையையே செய் என்று அது கட்டளையிடுகிறது. புதிய இடத்தில் தசை திகைத்து நிற்கிறது. பழைய விரலை மடக்குவதாக நினைத்துக்கொள் என்று நோயாளிக்குச் சொல்லி, அப்போது மற்ற விரல்கள் இலேசாக அசைவதை அவனுக்கே காட்டி, அந்தச் சிறு அசைவைப் பெரிதாக்கி, பெரிதானதைக் களிமண் பிசையவும், மரமுளையை எடுக்கவும், இறுதியில் சோற்றைப் பிசையவும் பழக்கவேண்டும். அறுவைக்கு ஆவது சில மணி நேரம். இப்பழக்கத்துக்கு ஆவதோ பல வாரங்கள். இது நடவாவிடில் திறமை மிக்க அறுவையும் வீணே.

அதனால் வேலூரிலும், 1955இல் எழுந்த கரிகிரி தொழுநோய் ஆய்வு மருத்துவமனையிலும் இப்பணிக்கென்றே ஆள்களைப் பழக்கினர். பெரிய பட்டம் பெற்றவர்கள் அல்லர் அவர்கள். எண்ணெய் தடவி நீவிவிடவும், விரல் விறைக்காமல் காக்கும் தாங்கிகளைச் செய்து பொருத்தவும், கோண அளவுகளைக் குறிக்கவும், ஒவ்வோர் அசைவையும் பொறுமையாகக் கற்பிக்கவும் கற்றவர்கள். உணர்ச்சியற்ற கைகளைக் காப்பதும் அவர்கள் பணியாயிற்று. தொழுநோயில் விரல்கள் தாமே உதிர்வதாக உலகம் நம்பியிருந்தது. பிராண்டும் அவருடைய குழுவினரும் கூர்ந்து கவனித்து வேறோர் உண்மையைக் கண்டனர். வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள். துருப்பிடித்த பூட்டில் சாவியைத் தசை கிழியும் அளவுக்குத் திருகுகிறார்கள். இரவில் தூங்கும்போது எலி கடித்தாலும் உணர்வதில்லை. எலிக்கு மருந்து பூனை என்று கண்டு நோயாளிகளுக்குப் பூனைகளைக் கொடுத்தனர்! வலி உணர்த்தாததைக் கண் உணர்த்தவேண்டும் என்று நாள்தோறும் கைகளைப் பார்க்கப் பழக்கினர்.

இன்னொரு பாடத்தையும் நோயாளிகளே கற்பித்தனர். கை நிமிர்ந்த சிலர் ஊருக்குத் திரும்பி, சில காலத்தில் மனம் சோர்ந்து வந்தனர். மடங்கிய கையைக் கண்டு காசு போட்டவர்கள் நிமிர்ந்த கைக்குப் போடவில்லை. தொழுநோயாளி என்றறிந்து வேலையும் யாரும் தரவில்லை. கையை மட்டும் திருத்திப் பயனில்லை, அதற்கு ஒரு தொழிலும் வேண்டும் என்று பிராண்டு உணர்ந்தார். மருத்துவக் கல்லூரி வளாகத்தில் மண் குடிசைகளோடு நவஜீவ நிலையம் பிறந்தது. கொத்தும் தச்சும் கற்ற மருத்துவர், நோயாளிகளோடு அமர்ந்து மரப்பொம்மைகள் செய்யக் கற்றுக்கொடுத்தார். கருவிகளின் பிடிகள் உணர்ச்சியற்ற கைக்கு ஏற்றபடி மாற்றப்பட்டன. தொழில்வழிச் சிகிச்சை என்பதன் முழுப்பொருள் அந்தக் குடிசைகளில் விளங்கிற்று.

அக்குழுவில் பின்னர் சேர்ந்த மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஊர்தி விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கக் காரணமாய் இருந்தார். அதே செங்கற்பட்டு மாவட்டத்தில் போளம்பாக்கத்தில் 1955 முதல் பெல்ஜியம் நாட்டு மருத்துவர்களான பிரான்ஸ் ஹெமரிக்சும் கிளேர் வெல்லட் அம்மையாரும் மரத்தடிகளிலேயே மருத்துவ முகாம் நடத்தினர். அம்மையார் இந்தியக் குடியுரிமை பெற்று இங்கேயே வாழ்ந்ததை நம் மூத்த வாசகர் பலர் அறிவர். கூட்டு மருந்துச் சிகிச்சை 1980களில் பரவியபின் நோய் பெரிதும் குறைந்தது. ஆயினும் மருந்து கிருமியைக் கொல்லுமே தவிர, மடங்கிப்போன விரலை நிமிர்த்தாது. அதற்கு இன்னொரு மனிதரின் கை தேவை.

தொழிலாளியின் கைக்கு ஒரு துறை

தொழுநோயாளியின் கைக்குக் கிடைத்த கவனம் தொழிலாளியின் கைக்கும் கிடைத்தது. வடசென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையில் 1971இல் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கை அறுவை சிகிச்சைக்கெனத் தனித்துறையை உருவாக்கினார். துறைமுகமும் ஆலைகளும் அச்சகங்களும் நிறைந்த வடசென்னையோடு, மேற்கே இரயில் பாதையோரத் தொழிற்பேட்டைகளிலிருந்தும் நசுங்கிய கைகள் அங்கு வந்தன. அத்துறை பின்னர் நிலையமாக உயர்ந்தபோது அதன் பெயரில் ஆராய்ச்சி என்னும் சொல்லோடு மறுவாழ்வு என்னும் சொல்லும் சேர்ந்தே இடம்பெற்றது. கத்தியோடு வேலை முடிவதில்லை என்று அப்பெயரே அறிவிக்கிறது.

மனநோயாளிகளின் மறுவாழ்விலும் இதே நெறி தொடர்ந்தது. கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்கு 1961இல் கண்காணிப்பாளரான மருத்துவர் சாரதா மேனன், 1984இல் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். அம்பத்தூருக்கு அருகே அண்ணா நகர் மேற்கு விரிவில் அது இயங்குகிறது. மருந்தோடு வேலைப்பழக்கமும் சேர்ந்தால்தான் மனம் தேறும் என்னும் யார்க் இல்லத்துப் பாடம் இருநூறு ஆண்டு கழித்து நம் வாசலுக்கு அருகே வந்து சேர்ந்தது.

கையைக் கட்டிக்கொள்ளும் கலை

இனி உதவியாளரிடம் வருவோம். நோயாளியைச் சோதித்து இன்ன சிகிச்சை என்று முடிவு செய்வது பட்டம் பெற்ற வல்லுநரின் பொறுப்பு. உதவியாளர் அதை மாற்றக்கூடாது. அவர் சொன்னதை நோயாளியோடு அமர்ந்து நாள்தோறும் செய்விப்பதும், தாங்கிகளையும் கருவிகளையும் ஒழுங்காக வைப்பதும், வீக்கமோ புண்ணோ புதிதாகத் தோன்றினால் உடனே சொல்வதும், அன்றன்றைய முன்னேற்றத்தைக் குறிப்பதும் உதவியாளரின் வேலை. வல்லுநர் நோயாளியைப் பார்ப்பது சில நிமிடம். உதவியாளர் உடனிருப்பது பல மணி நேரம். பக்கவாதம் வந்த முதியவருக்குச் சட்டையில் முதலில் செயலற்ற கையை நுழைத்துப் பிறகு நல்ல கையை நுழைக்கவேண்டும் என்று கற்பிப்பவர் அவர். ஒற்றைக் கையால் சேலைக் கொசுவம் மடிக்கவும், பூண்டு உரிக்கவும், சப்பாத்தி மாவு பிசையவும் வழி கண்டுபிடித்துச் சொல்பவர் அவர்.

இப்பணியில் மிகக் கடினமானது எது என்று பின்னொரு நாள் அந்தக் கூடத்திலேயே அப்பெண்ணிடம் கேட்டோம்.

"சும்மா இருக்கிறதுதான் ஃபாதர்" என்றார். நமக்கு விளங்கவில்லை. "ஒரு பட்டன் போட அவருக்குப் பத்து நிமிஷம் ஆகும். நான் போட்டா ஒரு செகண்ட். பாக்கிறப்ப கை துறுதுறுங்கும். ஆனா நான் போட்டுட்டேன்னா அது என் கை செஞ்ச வேலை. அவர் கை செஞ்சதா ஆகாது."

முதல்நாள் நமக்குக் கடுமையாகப் பட்ட சொல்லின் பொருள் அன்றுதான் விளங்கிற்று. அன்பு என்றால் எல்லாவற்றையும் செய்து கொடுப்பது என்று நம் வீடுகளில் நினைக்கிறோம். படுத்துவிட்ட தந்தைக்கு ஊட்டுகிறோம், உடுத்துகிறோம், அவருடைய கையெழுத்தையும் நாமே போட வழி தேடுகிறோம். அவர் சிந்துவதைக் காண நமக்குப் பொறுக்கவில்லை. நம் இரக்கம் அவருடைய துன்பத்தைத் தணிக்கிறதா, அல்லது அதைக் காணும் நம் வேதனையைத் தணிக்கிறதா? ஊட்டிவிடவேண்டிய நோயாளிகள் உண்டு. அவர்களுக்கு ஊட்டத்தான் வேண்டும். ஆனால் மீளக்கூடிய கைக்கு ஓயாமல் ஊட்டுவது அதனைக் கைவிடுவதற்கு ஒப்பாகும். தொழுகைக்கூடத்தில் கை சூம்பியவனை ஆண்டவர் குணப்படுத்திய நிகழ்வை நாம் பலமுறை மறையுரையில் விளக்கியதுண்டு. அவர் அந்தக் கையைப் பிடித்து இழுக்கவில்லை, நீட்டும்படி சொன்னார், நீட்டியவன் அவனே. பல ஆண்டு வாசித்தும் நம் கண்ணில் படாத அந்த நுட்பத்தை, களிமண் உருண்டைகளின் நடுவே ஓர் உதவியாளர் கற்பித்தார்.

இத்தகையோருக்கு நாடு தந்திருக்கும் இடம் எது? துணை மருத்துவத் துறைகளை முறைப்படுத்த 2021இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஆக்குபேஷனல் தெரபியும் அதில் இடம்பெற்றது. துணை நலத்துறைப் பணியாளர் எனப்படுவதற்கு 2,000 மணி நேரத்துக்குக் குறையாத படிப்பும், சிகிச்சை வல்லுநர் முதலியோருக்கு 3,600 மணி நேரத்துக்குக் குறையாத படிப்பும் வேண்டும் என்று அது வரையறுத்தது. நோயாளியின் உடலைத் தகுதியற்றவர் தொடலாகாது என்பதால் இவ்வரையறை வரவேற்கத்தக்கதே. ஆயினும் சில மாதப் பயிற்சியோடும் பல ஆண்டு அனுபவத்தோடும் கூடங்களிலும் வீடுகளிலும் பணிபுரியும் உதவியாளர்கள் அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்கள் மேலும் கற்று உள்ளே வர வழி அமைப்பது அரசின் கடமை. நம் பங்குகளிலும் பிளஸ் டூ முடித்த பெண்களும் இளைஞர்களும் வேலை தேடி அலைகிறார்கள். செவிலியர் பணியை மதிக்கும் நாம், இப்பணியையும் ஒரு வாழ்க்கைத் தொழிலாக அவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறோமா? முறையான படிப்பில் சேர அன்பியங்கள் வழியே உதவியிருக்கிறோமா? வீட்டுக்கு வந்து முதியவரின் கையைப் பழக்கும் உதவியாளருக்கு நியாயமான கூலியும் அமர ஒரு நாற்காலியும் தருகிறோமா?

பதிவேட்டில் ஒரு கையெழுத்து

அந்த இளைஞன் ஏறத்தாழ ஆறு மாதம் விடாமல் சென்று வந்தான். நான்கு சென்டிமீட்டர் மூன்றாயிற்று, மூன்று இரண்டாயிற்று. டம்ளரைப் பிடித்த அன்று தாய் நமக்குக் காப்பி கொண்டுவரச் செய்து, அவன் கையாலேயே கொடுக்க வைத்தார். இழந்த விரல்கள் முளைக்கவில்லைதான். பழைய இயந்திரத்துக்கும் அவன் திரும்பவில்லை. பொருள்களைச் சரிபார்த்துக் கணக்கெழுதும் வேலையில் வேறோரிடத்தில் சேர்ந்தான்.

மூன்றாண்டு கழித்து அவனுக்கு நம் ஆலயத்திலேயே திருமணம் நடந்தது. திருப்பலி முடிந்து பதிவேட்டை விரித்து வைத்தோம். இடக்கையால் எழுதுவான் என்று நினைத்தோம். அவனோ கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே பேனாவைச் செருகி, வலக்கையாலேயே மெதுவாகத் தன் பெயரை எழுதினான். எழுத்துகள் கோணலாக இருந்தன; ஆனால் அவனுடையவையாக இருந்தன. யாரும் உதவ முன்வரவில்லை. அவன் தாய் இரு கைகளையும் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார்.

அந்தப் பதிவேட்டில் மணமக்களின் பெயர் உண்டு. சாட்சிகளின் பெயர் உண்டு. திருமணத்தை நிறைவேற்றிய குருவாகிய நம் பெயரும் உண்டு. அந்தக் கையெழுத்துக்குக் காரணமானவரின் பெயர் இல்லை. எழுதலாம் என்றாலும் நம்மால் இயன்றிராது. இத்தனை முறை அந்தக் கூடத்துக்குச் சென்றும், அவருடைய பெயர் என்ன என்று நாம் ஒருநாளும் கேட்கவில்லை.